பண்ணை மாடுகளில் காசநோயை உறுதிசெய்த அனுபவம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு பண்ணையில், தீனி குறையாமலேயே மெலிந்துவந்த கலப்பினப் பசு இறந்தபோது, கால்நடை மருத்துவர் என்ற முறையில் பிரேதப் பரிசோதனை செய்தேன். நுரையீரலை ஒட்டிய நிணநீர்க் கணுக்கள் பெருத்திருந்தன; வெட்டும்போது கத்தியில் மணல் நறநறப்பது போன்ற உணர்வு வந்தது. அந்தச் சுண்ணாம்புப் படிவு காசநோயை வலுவாகச் சுட்டினாலும் அதை முடிவாகக் கொள்ள இயலாது. சீல்–நீல்சன் சாயமேற்றலில் தெரிந்த சிவப்புக் கோல்களும், அவை காசநோய்க் கிருமியும் அடங்கிய மைக்கோபாக்டீரிய வகையைச் சேர்ந்தவை என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

ஆகவே மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, மீதி மாடுகளுக்கு ஒப்பீட்டு டியூபர்குலின் சோதனையைத் தொடங்கினோம். கழுத்தின் நடுப்பகுதியில் இரண்டு இடங்களில் மயிரை மழித்து, தோல் மடிப்பின் தடிமனைக் காலிப்பரால் அளந்து குறித்துக்கொண்டு, ஓரிடத்தில் மாட்டுக் காசநோய்க் கிருமியின் புரதச் சாறான மாட்டு டியூபர்குலினையும் மற்றோரிடத்தில் பறவைக் காசநோய்க் கிருமியின் சாறான பறவை டியூபர்குலினையும் 0.1 மில்லி வீதம் தோலுக்குள்ளேயே செலுத்த வேண்டும். ஊசி தோலுக்கு அடியில் இறங்கிவிட்டால் சோதனை பயன்படாது; சரியாகச் சென்றால் விரலுக்குச் சிறு முடிச்சு தட்டுப்படும். 72 மணி நேரம் கழித்து மீண்டும் அளக்கிறோம். மாட்டு டியூபர்குலின் இடத்து வீக்கம் மற்றதைவிட 4 மில்லிமீட்டருக்கு மேல் கூடியிருந்தால் நோய்த்தொற்று உண்டு எனக் கொள்கிறோம். 1 முதல் 4 வரை என்றால் ஐயத்துக்குரியது. பறவை டியூபர்குலின் எதற்கு என்று உரிமையாளர் கேட்டார். மாடுகளின் குடலைத் தாக்கும் ஜோனீஸ் நோயின் கிருமியும் மண்ணிலுள்ள பிற மைக்கோபாக்டீரியங்களும் மாட்டு டியூபர்குலினுக்கு எதிர்வினை காட்டச் செய்யும் என்பதால், அவற்றைப் பிரித்தறிய இந்த ஒப்பீடு இன்றியமையாதது. ஐயத்துக்குரிய மாடுகளை 42 நாள் கழித்தே மறுபடி சோதித்தோம், ஏனெனில் அதற்குள் தோலின் எதிர்வினைத் திறன் மங்கியிருக்கும். நோய் முற்றிய மாடும், கன்று ஈன்று சில நாளே ஆன மாடும் எதிர்வினையே காட்டாமல் தப்பிவிடக்கூடும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. அவற்றின் உடல்நிலையைத் தனியே கவனித்தோம்.

புள்ளிமான் போன்ற காட்டு விலங்கில் இதே சோதனைக்கு இரண்டு முறை மயக்க ஊசி போட வேண்டியிருக்கும். அந்தப் பதற்றமே உயிரைப் பறிக்கக்கூடும் என்பதால், அங்கே இறந்த உடலின் கணுக்களே பெரும்பாலும் சான்றாகின்றன.

வளர்ப்பு ஊடகத்தில் கிருமி வளரப் பல வாரங்கள் ஆயின. மரபணுச் சோதனையில், மனிதக் காசநோய்க் கிருமியில் இருக்கும் ஆர்டி9 என்ற மரபணுப் பகுதி இல்லாததால் அது அக்கிருமி அல்ல என்பதும், மாட்டுக் காசநோய்க் கிருமியான போவிஸில் இல்லாத ஆர்டி4 பகுதி இருந்ததால் போவிஸ் அல்ல என்பதும் தெரிந்தன. மரபணு வரிசையைப் படித்த பின்பே காசநோய் உண்டாக்கும் மற்றொரு கிருமியான மைக்கோபாக்டீரியம் ஓரிகிஸ் என்று உறுதியானது. இந்தியக் கால்நடைகளில் இக்கிருமி முன்பே காணப்பட்டிருக்கிறது; 2020-இல் வெளியான ஆய்வொன்றில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனித மாதிரிகளிலும் கண்டறியப்பட்டது.

நோயுற்ற மாடுகளைத் தனிக் கொட்டகைக்கு மாற்றி, அவற்றின் பாலை நிறுத்தினோம். பால் கறப்பவர்களைச் சளிப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் அனுப்பியபோது, கிருமியின் பெயரை எழுதிய சீட்டையும் கொடுத்தனுப்பினேன். போவிஸ் கிருமிக்குப் பைரசினமைடு என்ற காசநோய் மருந்து இயல்பிலேயே வேலை செய்யாது என்பதால், எந்தக் கிருமி என்பது சிகிச்சை தரும் மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும்.