தகிட தகிட தக: பாலித் தெருவும் மூலக்கொத்தளம் ரோடும்

கமெலானை தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இந்தோனேசியாவில் ஜாவா, பாலி பக்கம் இருக்கும் வெண்கல வாத்தியக் கூட்டத்துக்குத்தான் கமெலான் என்று பெயர், அதில் கடைசியாகத் தொங்கும் பெரிய காங் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலம் வரைக்கும் இருக்கும், துணி சுற்றிய கட்டையால் மெதுவாகத் தட்டினால் ஐம்பது ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒரு சத்தம் கிளம்பும். அந்தச் சத்தத்தைக் கொடுக்க எந்த போனுக்கும் வக்கில்லை. போனில் கேட்டுவிட்டு "என்னப்பா இது, பாத்திரக்கடை மாதிரி இருக்கு" என்று சொல்கிறவர்கள் பாதி கமெலானைத்தான் கேட்டிருக்கிறார்கள். நான் சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் மைக் செட் வைத்திருக்கிறேன், பதினெட்டு இன்ச் ஸ்பீக்கர் ரெண்டு போட்ட பேஸ் பாக்ஸில் கேட்டேன், கடை ஷட்டர் அதிர்ந்தது. அதற்குப் பிறகு விடவில்லை.

ஜாவாக்காரர்களின் கணக்கில் அந்தப் பெரிய காங் விழும் இடம்தான் முக்கியம். நம் தாளத்தில் சமம் என்பது முதல் தட்டு, ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, அங்கேதான் தொடங்கும். அவர்களுக்குக் கனம் கடைசித் தட்டில். சின்ன வாத்தியங்கள் வேகமாக ஓட, நடுத்தர காங்குகள் கால், அரை என்று இடம் குறித்துக்கொண்டே வர, சுற்று முடியும் இடத்தில் பெரியது ஒரு தரம் விழும். கெண்டாங் என்கிற மத்தளக்காரர்தான் வேகத்தைக் கூட்டிக் குறைப்பவர். முன்னால் நின்று கை ஆட்டும் ஆள் யாரும் கிடையாது, மத்தளக்காரர் கையைக் காதால் பார்த்துக்கொண்டே எல்லாரும் போக வேண்டும்.

சுருதி விஷயம் இன்னும் வம்பு. ஐந்து சுரம் கொண்ட ஸ்லெண்ட்ரோ, ஏழு சுரம் கொண்ட பெலோக் என்று இரண்டு வகை இருக்கிறது, ஆனால் இந்தச் சுரம் இத்தனை ஹெர்ட்ஸ் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு செட்டுக்கு அந்த செட்டே அளவு. பக்கத்து ஊர் செட்டிலிருந்து ஒரு வாத்தியத்தைக் கடன் வாங்கி வந்து சேர்க்க முடியாது, சேராது. வெண்கலப் பட்டையின் அடிப்பக்கம் நடுவில் அரத்தால் தேய்த்தால் சுரம் இறங்கும், ஓரத்தில் தேய்த்தால் ஏறும். அப்படித் தேய்த்துத் தேய்த்துத்தான் சேர்க்கிறார்கள்.

பாலியில் இதையும் தாண்டி ஒரு வேலை செய்கிறார்கள். வெண்கலப் பட்டை வாத்தியங்கள் எல்லாம் ஜோடி, ஜோடியில் ஒன்றைக் கொஞ்சம் கீழே, இன்னொன்றைக் கொஞ்சம் மேலே வேண்டுமென்றே சேர்ப்பார்கள். ஒன்று 440, இன்னொன்று 447 என்று வைத்துக்கொள்ளுங்கள், ரெண்டையும் சேர்த்துத் தட்டினால் விநாடிக்கு ஏழு தரம் சத்தம் ஏறி இறங்கும். மின்னுகிற மாதிரி, நடுங்குகிற மாதிரி. என் கடையில் ரெண்டு பாக்ஸில் இப்படி ஒரு சத்தம் வந்தால் எங்கேயோ கோளாறு என்று ஒயரைப் பிடுங்கி மாட்டுவேன். அவர்களுக்கு அந்த அலை இல்லாவிட்டால் செட்டுக்கு உயிரே இல்லை.

1889-இல் பாரிஸ் கண்காட்சியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸி ஜாவா இசையைக் கேட்டு அசந்துபோனது, 1977-இல் வாயேஜர் விண்கலத்தில் அனுப்பிய தங்கமுலாம் பூசிய இசைத்தட்டில் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கர் பாட்டோடு ஒரு ஜாவா அரண்மனை கமெலானும் போனது, 2021-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் கமெலான் ஏறியது, இதெல்லாம் தேடினால் எங்கேயும் கிடைக்கும். நான் சொல்ல வந்தது பலெகஞ்சுர் பற்றி.

பலெகஞ்சுர் என்பது பாலியின் ஊர்வல கமெலான். உட்கார்ந்து வாசிப்பது இல்லை, நடந்துகொண்டே. ரெண்டு மத்தளம், எட்டு ஜோடி பெரிய ஜால்ரா, கையில் பிடித்த சின்ன காங்குகள், கம்பில் தொங்கவிட்டு ஆட்கள் தோளில் சுமந்து வரும் பெரிய காங்குகள். கோயில் திருவிழாவுக்கும் வரும், சாவுக்கும் வரும். அங்கே பிணத்தை எரிக்கும் சடங்குக்கு ங்காபென் என்று பெயர். உடலை உயரமான அலங்காரக் கோபுரத்தில் வைத்து, ஊர் ஆண்கள் தோள் கொடுத்துத் தூக்கி, நாற்சந்தியில் அந்தக் கோபுரத்தையே சுற்றுவார்கள், போன ஆவிக்குத் திரும்பி வர வழி தெரியக்கூடாதாம். அந்தக் கனத்தைத் தூக்குகிறவர்களுக்குத் தெம்பு வரவும், கெட்டது எதுவும் அண்டாமல் விரட்டவும் பலெகஞ்சுர் பக்கத்திலேயே அடித்துக்கொண்டு போகும்.

எங்கள் வட சென்னை மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகும் ஊர்வலத்தை ஒரு தடவையாவது பார்த்தவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டாம். ரோடு முழுக்கப் பூ, வெடி, முன்னால் ஆட்டம், சட்டியும் டோலுமாக நம்ம மேளம், முச்சந்தி வந்தால் ஒரு நிறுத்தம்.

சரி, அந்த எட்டு ஜால்ராவுக்கு வருகிறேன். அதுதான் என்னைப் பிடித்த இடம். எட்டு பேரும் மூணு பிரிவாகப் பிரிவார்கள், பிரிவுக்கு ஒரு ஆளை எடுத்துக்கொள்வோம். எட்டுத் தட்டு எண்ணுங்கள். முதல் ஆள் 1, 4, 7-இல் அடிக்கிறான், அதாவது தகிட தகிட தக, ஒவ்வொரு சொல்லின் தலையிலும் ஒரு அடி. ரெண்டாவது ஆள் அதே அடியை ஒரு தட்டு தள்ளி, 2, 5, 8. மூணாவது ஆள் இன்னும் ஒரு தட்டு தள்ளி, 3, 6, அப்புறம் அடுத்த சுற்றின் 1. மூணு பேரும் வாசிப்பது ஒரே அடி, சேர்ந்தால் எட்டில் ஒரு ஓட்டை கிடையாது. வேகம் ஏறினால் கேட்கிறவனுக்கு யார் எதை அடித்தார்கள் என்றே தெரியாது, ஒரே ஆள் பேய்த்தனமாக அடிக்கிற மாதிரி இருக்கும். உட்கார்ந்து வாசிக்கும் வெண்கலப் பட்டைகளிலும் இதே வித்தைதான், பாட்டை ரெண்டாகப் பிரித்துப் பாதி உனக்கு, பாதி எனக்கு. வலது கையில் சுத்தியல், இடது கை விரல்கள் முன்னால் தட்டிய பட்டையைப் பிடித்து அதன் சத்தத்தை அடக்கும், புதிய சத்தம் வரும் அதே நொடியில். பிடிக்காவிட்டால் எல்லாம் கலந்து கொழகொழ என்று ஆகிவிடும்.

இதை வாசிக்கிறவர்கள் யார் என்று பார்த்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. பாலியில் பஞ்சார் என்று தெருக்கூட்டம் மாதிரி ஒரு அமைப்பு இருக்கிறது, பெரும்பாலும் வாத்தியங்கள் அதன் பொதுச்சொத்து. விவசாயி, ஓட்டல் வேலை பார்க்கிறவர், டாக்சி ஓட்டுகிறவர் என்று அந்தத் தெரு ஆட்களே சாயங்காலம் கூடிப் பழகி, தெருவில் சாவு விழுந்தால் எடுத்து வருவார்கள். 1986-இல் பாலியின் தலைநகர் டென்பசாரில் இதற்குப் போட்டியே தொடங்கிவிட்டார்கள், சீருடை, நடை, ஆட்டம் எல்லாம் சேர்த்து. நம் பக்கம் அதே வேலையைச் செய்கிறவர்களை ஒரு சாதிக்காரர்கள் என்று ஒதுக்கி, பிணம் எடுக்கும் வரைக்கும் தெருவில் நிற்க வைத்து, ஒரு டீயை பேப்பர் கப்பில் நீட்டி, பேசிய காசில் ஐநூறைப் பிடித்துக்கொண்டு அனுப்புகிறோம். சாவு மேளம் என்பதையே திட்டுகிற சொல்லாக ஆக்கி வைத்திருக்கிறோம். கச்சேரிக்கு சவுண்ட் கட்டப் போனால் மிருதங்கக்காரருக்கு நாற்காலி போடுகிறார்கள், இவர்களுக்கு யார் போட்டார்கள்?

ஒரு பலெகஞ்சுர் வீடியோவை எங்கள் தெருவில் மேளத்துக்குப் போகும் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். கடைக்கு வந்தவர் சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னாபா, எந்த ஏரியா செட்டு இது?" என்றார். இந்தோனேசியாண்ணா என்றேன். "ஜால்ராவ பாரேன், தாம்பாளம் சைசுக்கு கீது." உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டது, "எவ்ளோ வாங்குறாங்க?"

தெருக்காரங்களே அடிக்கிறாங்கண்ணா, காசுக்கு இல்ல, சாப்பாடு போடுவாங்க என்று நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவனுக்கு வயலு கீது, வண்டி கீது. நமக்கு இதானே பொழப்பு? தெருவுல கீறவன் எல்லாம் அடிக்க வேணாம்பா, பேசுன காச கொறைக்காம குடுத்தா போதும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அவர் அதற்குள் ஜால்ரா இடத்தை மறுபடி போடச் சொல்லிவிட்டார். தொடையில் தட்டிப் பார்த்து, "தள்ளித் தள்ளிப் போடுறானுங்க" என்று நான் விளக்காமலே பிடித்துவிட்டார், எனக்கு அதைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனது. வாசலில் நின்ற ரெண்டு பசங்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு காலி பெயிண்ட் டப்பாவைக் கொடுத்தார். முதல் அடி அவருடையது, ரெண்டாவது ஒட்டிக்கொண்டது, மூணாவது பையன் ஒவ்வொரு சுற்றிலும் 3-ஐ விட்டு 4-இல் வந்து அவர் மேலேயே மோதினான். வீடியோ வேகத்தை முக்காலுக்குக் குறைத்தேன். அப்பவும் மோதினான். அரையாக்கினேன்.