சைன் ஆஃப் ஆன பிறகும்

எங்கள் வேலையில் பயத்துக்கு நல்ல பெயர் உண்டு. 'அலர்ட்டான ஆள்' என்பார்கள். ரயில் இன்ஜின் ஓட்டும் லோகோ பைலட் ஒருவர் தேவைக்கு மேல் ஹாரன் அடித்தால் யார் குறை சொல்லப்போகிறார்கள்? அதனால்தான் எனக்கு இருந்தது ஒரு கோளாறு என்று வெகுநாள் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

விருத்தாசலம்–திருச்சி கார்டு லைனில் ஒரு விடிகாலை, தண்டவாளத்தைக் கடந்த ஒருவர் எங்கள் வண்டியில் அடிபட்டார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை. 110 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 30 மீட்டர் போகும். எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் நிற்பதற்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் வேண்டும். 'உன் மேல தப்பே இல்லை' என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அந்தக் கணக்கு தெரியும். உடம்புக்குத்தான் தெரியவில்லை.

அதற்குப் பிறகு, காற்றில் புரளும் கேரி பேக்கூட ஆளாகத் தெரிந்தது. "அண்ணே, அது சோளக்கொல்லை பொம்மைண்ணே" என்று அசிஸ்டென்ட் தம்பி சொல்லும்போது என் கை ஏற்கெனவே ஏ-நைன் பிரேக்கில் இருக்கும்.

இன்ஜினில் விஜிலன்ஸ் கன்ட்ரோல் டிவைஸ் என்று ஒன்று உண்டு. டிரைவர் ஒரு நிமிடம் எதையும் தொடாமல் இருந்தால் விளக்கு மின்னும். பிறகு பஸ்ஸர் கத்தும். அதற்கும் அசையாவிட்டால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். என்னிடம் அது மின்னுவதற்கே வழியில்லாமல் போனது, கை சும்மா இருந்தால்தானே! கண் அசருகிறவனைப் பிடிக்கக் கருவி இருக்கிறது. கண்ணே மூட முடியாதவன், டியூட்டிக்குக் கையெழுத்துப் போடும் லாபியில் குடித்திருக்கிறானா என்று பார்க்கும் ப்ரீத்தலைசரை ஊதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான்.

வண்டியில் இருக்கும்வரை சமாளித்துவிடலாம். சைன் ஆஃப் ஆகி, அதாவது டியூட்டி முடிந்து, வீட்டுக்கு வந்தால்தான் சங்கடம். குக்கர் விசிலுக்குத் தோள் இறுகும். கல்யாண மண்டபத்தில் வாசலைப் பார்த்த நாற்காலிதான் வேண்டும். பஸ்ஸில் போனால் ரோட்டைக் கடக்கிற ஒவ்வொருவரும் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை மூச்சு வராது. "நீங்க பஸ்ல உக்காந்தும் வண்டி ஓட்டுறீங்க" என்றாள் மனைவி. அவள்தான் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள்.

பழைய அதிர்ச்சியின் எச்சம் இது என்றார் டாக்டர். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களைப் பார்த்த பிறகு, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் இதற்கு 'பிடிஎஸ்டி' என்று தனிப் பெயர் கொடுத்தார்களாம். "போருக்குப் போனவங்களுக்கு வர்றது எனக்கு எப்படி டாக்டர்?" என்றேன். விபத்தோ வெள்ளமோ அடிதடியோ, உயிர்போகும் ஆபத்தைக் கிட்டத்தில் பார்த்த யாருக்கும் வரலாம். ஆபத்து முடிந்ததை மூளையில் ஒரு பகுதி இன்னும் நம்பவில்லை, அவ்வளவுதான் என்றார். எனக்கு அந்த 'அவ்வளவுதான்' பிடிக்கவில்லை. ஆனால் ஆறுதலாக இருந்தது.

கொஞ்ச நாள் மாத்திரை, ரொம்ப நாள் பேச்சு. கூடவே ஒரு பயிற்சி: பதற்றம் ஏறும்போது கண்ணில் படுவதையெல்லாம் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்ஜின் கேபினில் நானும் அசிஸ்டென்ட்டும் காலம்காலமாகச் செய்வது அதைத்தானே? "ஹோம் சிக்னல் பச்சை" என்று ஒருவர் சத்தமாகச் சொல்ல, மற்றவர் பார்த்துத் திருப்பிச் சொல்வார். இப்போது பஸ்ஸிலும் முணுமுணுக்கிறேன்: பெட்டிக்கடை, மஞ்சள் பேனர், டீ ஆற்றுகிற கை. பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

முழுசாகப் போய்விட்டதா என்றால் இல்லை. தூக்கம் வருகிறது, அதுவே பெரிது. நாங்கள் ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் இப்படி ஏதாவது பார்த்துவிட்டு வந்த பையன் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய் உட்காருவேன். "தூங்குனியா தம்பி?" என்று கேட்டால், "சாப்பிட்டேன் சார்" என்பான். விடமாட்டேன், மறுபடி கேட்பேன். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் நம்பர் 14416-ஐ அவன் போனில் நானே ஏற்றிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.