மாமியின் குளிசையும் மூன்றாம் யோவானும்

ஜூன் 1, 2025, ஞாயிறு

மாடிவீட்டு மாமி சீனி வருத்தத்துக்குப் போடும் குளிசையை நிறுத்திவிட்டாராம். ஆராதனை முடிந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வரும்போது சர்வசாதாரணமாகச் சொன்னார். அயலவர் ஒருவர் மாமியை வேறெங்கோ நடந்த சுகமளிக்கும் கூட்டத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். குளிசை போட்டுக்கொண்டு ஜெபிக்கிறவர் கர்த்தரை முழுதாக நம்பவில்லை என்று அங்கே பிரசங்கித்தார்களாம். அதற்கு ஆதாரம் 3 யோவான் 2: "பிரியமானவனே, உன் ஆத்துமா வாழ்கிறதுபோல நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்."

"வசனத்திலதானே இருக்குது தம்பி" என்றார் மாமி.

இருக்கிறதுதான். ஆனால் அது காயு என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தின் தொடக்க வரி. அந்தக் காலத்துக் கடிதங்கள் நலம் வேண்டித்தான் தொடங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா எழுதும் கடிதமும் "நலம், நலமறிய ஆவல்" என்றுதான் தொடங்கும். அதை உறுதிப்பத்திரமாக யாராவது அரசாங்கக் கச்சேரிக்கு எடுத்துக்கொண்டு போவார்களா? பஸ்ஸில் இதெல்லாம் கதைக்க முடியவில்லை. பம்பலப்பிட்டியில் ஏறிய கூட்டத்தில் மாமி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

ஜூன் 3, செவ்வாய்

இரவு புதிய ஏற்பாட்டு நிருபங்களை எடுத்து வைத்துக்கொண்டு அவற்றில் வரும் நோயாளிகளைத் தேடினேன். தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறு, அடிக்கடி பலவீனம். "உன் விசுவாசம் போதாது" என்று பவுல் அவனுக்கு எழுதவில்லை, கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்கிறார் (1 தீமோ. 5:23). பவுலின் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்து சாகிற நிலைக்கே போய்த் தப்பியவன். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டியும் அது போகவில்லை. என்னை நிறுத்திய வசனம் 2 தீமோத்தேயு 4:20, பவுல் தன் ஊழியத் தோழனைப் பற்றி எழுதியது: "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்." யாரையும் குற்றம் சொல்லாத, காரணமும் சொல்லாத ஒரு வரி.

அதே அதிகாரத்தின் மூன்றாம் வசனத்தில்தான், ஆரோக்கியமான உபதேசத்தைப் பொறுக்க மனதில்லாத காலம் வரும் என்ற எச்சரிப்பும் இருக்கிறது. அதை மேடையில் சொல்கிறவர்கள் நிறையப் பேர். இருபதாம் வசனம் வரை போகிறவர்கள் குறைவு.

ஜூன் 5, வியாழன்

மனைவியும் நானும் மாடிக்குப் போனோம். அப்பொல்லோ என்ற பிரசங்கி அரைகுறையாகப் போதித்தபோது ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் சபை நடுவே எழுந்து மறுக்கவில்லை, தனியாகச் சேர்த்துக்கொண்டு விளக்கினார்கள் (அப். 18). அந்த வழிதான் நல்லது என்று தோன்றியது.

நான் விளக்கம் சொல்லவில்லை. துரோப்பீமு வசனத்தை மாமியையே வாசிக்கச் சொன்னேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, விரலை வைத்து இரண்டு தரம் வாசித்தார்.

"அப்ப பவுலுக்கும் விசுவாசம் காணாதோ?"

அதற்கு மேல் எனக்குச் சொல்ல வேலை இருக்கவில்லை. திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போகிறேன் என்றார். ஆனால் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்: "அங்க என்ர கையைப் பிடிச்சு அரை மணித்தியாலம் ஜெபிச்சவை தம்பி. எங்கட சபையில என்ர வருத்தத்தைப் பற்றி ஆர் கேட்டவை?"

பிழையான போதனை எந்தக் கதவால் வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் வாசித்ததில்லை.

ஜூன் 8, பெந்தெகொஸ்தே ஞாயிறு

நல்ல ஆராதனை. மழை. மாமி வந்திருந்தார்.

ஜூன் 10, பொசன் போயா

பௌத்தரின் பௌர்ணமி விடுமுறை என்பதால் வழக்கம்போல் உபவாச ஜெபம், பிறகு வேதபாடம். கனடா விசாவுக்குக் காத்திருக்கும் ஒரு தம்பி எரேமியா 29:11ஐப் போனில் முகப்புப் படமாகவே வைத்திருக்கிறான். அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே. இந்த வருடமே கதவு திறக்கும் என்று யாரோ தீர்க்கதரிசனமும் சொல்லிவிட்டார்களாம்.

28ஆம் அதிகாரத்திலிருந்து வாசிப்போம் என்றேன். அங்கே அனனியா என்ற தீர்க்கதரிசி நிற்கிறான். பாபிலோன் நுகம் இரண்டே வருடத்தில் உடையும் என்று கர்த்தருடைய பெயரிலேயே சொல்கிறான். சனங்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியாவோ, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு, எழுபது வருடம், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், சிறையிருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று எழுதுகிறார். பதினோராம் வசனம் அந்தக் கடிதத்துக்குள்தான் வருகிறது. அதைக் கேட்டவர்களில் வளர்ந்தவர்கள் பலர் பாபிலோனிலேயே இறந்திருப்பார்கள். வாக்குத்தத்தம் பொய்யாகவில்லை. அவர்கள் கேட்ட தேதியில் அது வரவில்லை, அவ்வளவுதான்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் இங்க வேலை தேடவேணுமோ?" என்றான். தேடு, விசாவுக்கும் ஜெபிப்போம் என்றோம்.

இன்னொருவர் எழுந்து, உபதேசம் பிரிக்கும், அன்புதான் சேர்க்கும், எங்களுக்கு இயேசு போதும் என்றார். சரி, எந்த இயேசு? குளிசையை நிறுத்தச் சொல்கிறவரா, இந்த வருடமே விசா தருகிறவரா? பெயரைச் சொன்ன அடுத்த வாக்கியத்திலேயே உபதேசம் தொடங்கிவிடுகிறது. இதை நான் கொஞ்சம் காரமாகவே சொன்னேன். அவர் விடவில்லை. நாங்கள் கதைத்து முடிக்கும்போது பொழுதுபட்டுவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

புறக்கோட்டையில் அலுவல் முடிய, வுல்வெண்டால் தேவாலயத்துக்கு நடந்தேன். 1757இல் திறக்கப்பட்ட ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோயில். தடித்த சுவர், தரையில் பெயர் செதுக்கிய கல்லறைக் கற்கள். கொழும்பிலே பிறந்த தமிழ்ப் போதகர் பிலிப்பு தெ மெல்லோவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இல் இந்த நகரத்தில்தான் அச்சானது. எங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியாது.

அந்தச் சபையின் மரபில் வருவது 1563இல் எழுதப்பட்ட ஹைடல்பர்க் வினாவிடை. 129 கேள்விகளை 52 ஞாயிறுகளுக்குப் பிரித்திருப்பார்கள். முதல் கேள்வி, வாழ்விலும் சாவிலும் உன் ஒரே ஆறுதல் என்ன என்பது. நான் என்னுடையவன் அல்ல, உடலோடும் ஆத்துமாவோடும் என் இரட்சகருக்குச் சொந்தம் என்று பதில் தொடங்குகிறது. சுகம் கிடைத்தவர் வாயிலும் கிடைக்காதவர் வாயிலும் பொய்யாகாத பதில். ஏப்ரல் 21, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொச்சிக்கடையிலும் மட்டக்களப்பிலும் ஒரு தாயின் முன்னால் நின்று சொல்லக்கூடியது எது என்று யோசித்தால் வித்தியாசம் விளங்கும்.

இந்தக் கதையின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் அரசாங்க உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் தேவைப்பட்டது. விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாக ஒப்புவித்துச் சேர்ந்தவர்கள் ஏராளம். ஆங்கிலேயர் வந்து கட்டாயம் போனதும் பெருந்தொகையானோர் பழைய வழிக்கே திரும்பினார்கள். அவர்களுக்கு வினாவிடை தெரியாமல் இல்லை.

ஜூன் 15, திரித்துவ ஞாயிறு

ஆதிச் சபைத் தலைவர்கள் கூடிய நிசேயா சங்கத்துக்கு இந்த வருடம் 1700 வருடம். பாஸ்டர் ஐயா அதைச் சொல்லி விசுவாசப் பிரமாணத்தை மெதுவாக வாசிக்கவைத்தார். குமாரன் பிதாவால் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த ஒரு வேளை உண்டு என்று ஆரியு என்ற குரு போதித்தார். அதற்கு எதிராகத்தான் 325இல் "பிதாவோடே ஒரே தன்மையுடையவர்" என்ற அறிக்கை வந்தது. அதோடு சண்டை முடியவில்லை. அந்த அறிக்கைக்காக நின்ற ஆயர் அத்தனாசியு அதற்குப் பிறகு ஐந்து தரம் நாடுகடத்தப்பட்டார். அவர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக நின்றார்? படைக்கப்பட்ட ஒருவர் இன்னொரு படைப்பை இரட்சிக்க முடியாது என்பதால்.

ஆரியு தன் போதனையைப் பாட்டாக்கி, மாலுமிகளும் மாவரைப்பவர்களும் பாடும்படி பரப்பினார் என்று பழைய சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார். கெட்டிக்காரர்! பிரசங்கம் செவ்வாய்க்கிழமைக்குள் மறந்துபோகும், பாட்டு சமையலறை வரை வரும். எங்கள் பாடல் குழு புதுப் பாட்டு எடுக்கும்போது ராகத்தையும் டிரம்ஸையும் மட்டும் பார்க்கிறது. வரிகளை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜூன் 18, புதன்

சபைக் குழுக் கூட்டம். ஞாயிறு பாடசாலையில் வினாவிடை மறுபடி தொடங்குவதற்கு எல்லோருக்கும் சம்மதம். "அன்பு போதும்" என்றவர் அமைதியாக வெளிப்படுத்தல் 2ஐத் திறந்தார். எபேசு சபை கள்ள அப்போஸ்தலரைச் சோதித்துக் கண்டுபிடித்த சபை, அதற்குப் பாராட்டும் உண்டு. ஆனால் ஆதி அன்பை விட்டாய் என்ற குறையும் அதே சபைக்குத்தான். "ரெண்டையும் சேர்த்துத் தொடங்கினா நான் வாறன்" என்றார். மாமி கேட்ட கேள்வியை நான் எடுத்துச் சொன்னேன். நோயாளிகளைப் பார்க்கப் போவதற்கு அங்கேயே ஒரு பட்டியல் போட்டோம், முதல் பெயராக அவர் தன் பெயரை எழுதினார்.

வெள்ளிக்கிழமை வேதபாடத்தில் தீத்து தொடங்குகிறோம், மூன்றே அதிகாரம். வருகிறவர்கள் முழுதாக வாசித்துவிட்டு வாருங்கள். சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போக இன்னும் ஆள் வேண்டும்.