நாலாவது புகைபோக்கி

ஜனவரி 6

முதல் உலகப்போரின் ஜெர்மன் போர்க்கப்பல் எஸ்எம்எஸ் எம்டன், 1:350 அளவு பிளாஸ்டிக் மாடல் கிட். பெட்டியைப் பிரித்து, ஸ்ப்ரூக்களை (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டங்கள்) சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயப்போட்டாயிற்று. அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரத் தடவுகிற எண்ணெய்ப்பசை கொஞ்சம் இருந்தாலும் பெயின்ட் பிடிக்காது. நிஜக் கப்பல் 118 மீட்டர் சொச்சம். மேசையில் 34 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

பசையைத் தொடும் முன் ஒன்றைத் தீர்மானித்துவிட வேண்டும்: இது எந்த நாள் எம்டன்? நிறையப் பேர் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். போருக்கு முந்தைய கப்பல் என்றால் உடல் வெள்ளை, புகைபோக்கிகள் மஞ்சள். 1914இல் போர் நெருங்கியதும் எல்லாம் சாம்பல். செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய எம்டனைத்தான் தமிழில் யாரும் கேட்பார்கள். நான் எடுத்துக்கொள்வது அக்டோபர் 28, பினாங்கு, விடிகிற நேரம். கேப்டன் ஃபான் முல்லர் போலிப் புகைபோக்கி ஒன்றை நிறுத்தி, மூன்று புகைபோக்கிக் கப்பலை நான்காகக் காட்டிக்கொண்டு துறைமுகத்துக்குள் நுழைந்தார். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பிரிட்டிஷ் கப்பல் யார்மத். அந்த நாலாவதைச் செய்யும் ஆசையில்தான் இந்தக் கிட்டையே எடுத்தேன்.

ஜனவரி 11

உடலின் இரண்டு பாதிகளும் சேர்ந்தன. இணைப்பில் புட்டி, பிறகு 400, 800, 1200 என்று உப்புத்தாள். அடியில் இரண்டு புரொப்பெல்லர். உடன்பிறப்புக் கப்பலான டிரெஸ்டனுக்கு டர்பைன் வைத்தார்கள், எம்டனுக்குப் பழைய பாணி பிஸ்டன் எஞ்சின்தான். அதனால் ஒன்றின் படத்தைப் பார்த்து இன்னொன்றின் அடிப்பாகத்தைச் செய்யக்கூடாது.

ஜனவரி 17

பீரங்கிகள். மொத்தம் பத்து, 10.5 சென்டிமீட்டர், குழல் நீளம் விட்டத்தைப் போல் நாற்பது மடங்கு. இந்த அளவில் 12 மில்லிமீட்டர் நீளம், வாய் 0.3 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் வார்ப்பில் அந்தத் துளை வராது. கடைசல் பிடித்த பித்தளைக் குழல்களைத்தான் வைக்கிறேன். பிளாஸ்டிக் குழலை ஒட்ட வெட்டிவிட்டு, அடித்தண்டின் நட்டநடுவில் முதலில் ஊசியால் ஒரு புள்ளி, பிறகு கைத்துளைப்பான். புள்ளி வைக்காமல் துளைத்தால் துளைப்பான் முனை வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். பத்தும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று மேசை மட்டத்துக்குக் கண்ணை இறக்கிப் பார்த்தேன். நிற்கின்றன.

ஜனவரி 25

எட்ச் பித்தளை வேலை, அதாவது அமிலத்தால் அரித்து உருவெடுத்த மெல்லிய பித்தளைத் தகட்டுப் பாகங்கள். ரெயிலிங், ஏணிகள், தேடுவிளக்கு மேடை.

தகட்டை மெழுகுவர்த்திக்கு மேலே நிறம் மாறும்வரை காட்டி ஆறவிட்டால் பித்தளை மென்மையாகிவிடும். பின்முனையின் வளைவுக்கு அப்போதுதான் முரண்டு பிடிக்காமல் வளையும். ஆனால் ஏணிகளை இப்படிச் சுடக்கூடாது, தொட்டாலே கோணிக்கொள்ளும். வெட்டுவது எப்போதும் கண்ணாடித் துண்டின்மேல். ரப்பர் பாயில் வைத்து வெட்டினால் கம்பி பாய்க்குள் அமுங்கி நெளிகிறது. ஒட்டுவதற்கு ரெயிலிங் முழுக்க வெள்ளைப் பசைதான். சூப்பர் கிளூ பலமானது, சரி, ஆனால் நகர்த்திச் சரிசெய்ய நேரம் தராது. வழிந்தால் வெண்மை படர்ந்து தளமே கெட்டுப்போகும்.

அளவுப்படி பார்த்தால் ரெயிலிங் எல்லாமே தடிமன்தான். 0.1 மில்லிமீட்டர் கம்பி நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர் ஆகிறது. ரெயிலிங்கின் எல்லாக் கம்பியும் அவ்வளவு குண்டாக இருக்காது. இருந்தாலும் ரெயிலிங் இல்லாத கப்பல் மொட்டையாகத் தெரிகிறது. தெரிந்தே விட்டுக்கொடுக்கிற இடம் இது.

பிப்ரவரி 2

பிரைமர், மேலே சாம்பல். சாம்பலில் ஐந்தில் ஒரு பங்கு வெள்ளை கலந்தேன். 34 சென்டிமீட்டர்க் கப்பலைக் கைநீளத்தில் பார்ப்பது, நிஜக் கப்பலை இருநூறு மீட்டருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமம். இடையில் உள்ள காற்று நிறத்தை வெளுக்கவைக்கும். டப்பா நிறத்தை அப்படியே அடித்தால் பொம்மை ஆகிவிடுகிறது. எவ்வளவு வெள்ளை என்பதற்கு விதி இல்லை, கண்தான்.

பிப்ரவரி 4

பெயின்ட் நன்றாக இறுகட்டும். அதுவரைக்கும் பாதியில் நிற்கும் 1:72 ஸ்வோர்ட்ஃபிஷ். பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஆர்க் ராயலிலிருந்து கிளம்பி ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கின் சுக்கானைச் சிக்கவைத்த அந்த இரட்டைச் சிறகு விமானம். அது நடந்தது 1941 மே 26. எம்டன் நீரில் இறங்கியது 1908 மே 26. இதில் அர்த்தம் ஒன்றும் இல்லை, குறித்துவைக்கத் தோன்றியது.

சிறகுகளுக்கு நடுவே உள்ள கம்பிகள் நிஜத்தில் உருண்டை அல்ல, காற்றை வெட்டும் தட்டைக் கம்பிகள். அதனால் நூலைவிடத் தட்டையான எலாஸ்டிக் இழை பொருத்தம். முறுக்கு விழாமல் இழுத்தால் போதும், எதிரே மெல்லியதாகவும் பக்கவாட்டில் அகலமாகவும் தெரியும்.

பிப்ரவரி 10

நாலாவது புகைபோக்கி!

நிஜப் போலி மரச்சட்டத்தில் கித்தான் கட்டியது. எனவே மற்ற மூன்றைப் போலப் பிளாஸ்டிக்கில் வழவழவென்று செய்தால் பொய்யின் பொய் ஆகிவிடும். மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளில் ஒரு சட்டம் ஒட்டினேன். டிஷ்யூத் தாளின் ஒரே ஒரு படலத்தைப் பிரித்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து அதைச் சுற்றிப் போர்த்தினேன். காயும்போது தாள் இழுத்துக்கொண்டு சட்டத்தின் விளிம்புகள் லேசாகப் புடைத்துத் தெரிகின்றன, இரண்டு சட்டங்களுக்கு நடுவே துணி உள்ளே குழிகிறது. இதைத்தான் எதிர்பார்த்தேன். ஒரு பக்கம் சின்னச் சுருக்கம், அதை நீவாமல் விட்டுவிட்டேன்.

நிறம் அதே சாம்பல், ஆனால் பளபளப்பே இல்லாமல். முக்கியமானது புகைக்கரி: மூன்று நிஜப் புகைபோக்கிகளின் வாயில் கருப்புத்தூள் தேய்த்திருக்கிறேன், நாலாவதில் ஒரு துளிகூட இல்லை. அடுப்பே இல்லாத புகைபோக்கிக்கு ஏது கரி?

பிப்ரவரி 15

முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் வாஷ், அதாவது தண்ணீர்போல் நீர்க்கக் கரைத்த எண்ணெய்ப் பெயின்ட். பளபளப்பில்லாத பரப்பில் நேராக வாஷ் போட்டால் திட்டுத் திட்டாக உறிஞ்சிக்கொள்ளும். நங்கூரச் சங்கிலித் துளைக்குக் கீழே துருக்கோடு, நிலக்கரித் திறப்புகளைச் சுற்றிக் கருமை. துருவில் கையை அடக்கினேன். எம்டன் மாதக்கணக்காகக் கடலில் திரிந்த கப்பல்தான், ஆனால் கைவிடப்பட்ட கப்பல் இல்லை. ஆட்கள் தினமும் தேய்த்துக் கழுவியது.

பிப்ரவரி 21

கம்பிக் கட்டு. இரண்டு சென்டிமீட்டர்க் கயிறு இங்கே 0.06 மில்லிமீட்டர், கிட்டத்தட்டத் தலைமுடி அளவுதான். கருப்பு ஸ்ப்ரூத் துண்டை மெழுகுவர்த்திச் சுடரில் படாமல் மேலே காட்டி, இளகி மினுங்கும் நொடியில் விலக்கி இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் மெல்லியது, மெதுவாக இழுத்தால் தடிமன். இரண்டும் வேண்டும், பாய்மரத்தைத் தாங்கும் கயிறும் கொடிக்கயிறும் ஒரே தடிமனில் இருக்காது. தொய்ந்த இழைக்குப் பக்கத்தில் எரியும் ஊதுபத்தியைத் தொடாமல் காட்டினால் சட்டென்று விறைத்துக்கொள்கிறது. ஒரு நொடி அதிகமானால் அறுந்தும்விடும்.

பிப்ரவரி 23

கடைசியாகக் கொடி. கிட்டோடு வந்த டீக்கலில் (நனைத்து ஒட்டும் அச்சுப்படம்) அழகான ஜெர்மன் கடற்படைக் கொடி இருக்கிறது, மெல்லிய தாளில் ஒட்டி அலைபோல் மடித்தும் வைத்துவிட்டேன். ஆனால் அன்று விடியலில் ஜெர்மன் கொடி ஏறியது, நங்கூரமிட்டு நின்ற ரஷ்யக் கப்பல் ஷெம்சூக்மீது டார்பிடோ விடும் தறுவாயில்தான். அதற்கு முந்தைய நிமிடம் என் கப்பல். கொடி டப்பாவுக்குள் போகிறது. பார்க்கிறவர்கள் கொடியை மறந்துவிட்டாயா என்று கேட்பார்கள், கேட்கட்டும். அடுத்து ஸ்வோர்ட்ஃபிஷ்ஷின் இடதுபக்கக் கம்பிகள் பாக்கி.