காய்க்காத மரத்துக்கு யாரு மருந்து அடிப்பா?

சவுதில அல்-அஹ்ஸா பக்கம் பேரீச்சைத் தோட்டத்துல வேலைன்னு சொன்னா ஊர்ல எல்லாரும் பழம் பறிக்கிற வேலைன்னுதான் நினைக்கிறாங்க, ஆனா எங்களுக்கு உயிர் போற சீசன் பிப்ரவரி, மார்ச் தான், பூ சீசன். பேரீச்சைல ஆண் மரம் வேற, பெண் மரம் வேற. காத்துலயே சேர்ந்துக்கட்டும்னு விட்டா பிஞ்சு சரியா பிடிக்காது, அதனால ஆயிரக்கணக்கான வருஷமா மனுஷன்தான் மேல ஏறி ஆண் பூச்சரத்தை பெண் பாளைக்குள்ள செருகிட்டு வர்றான். ஒரு ஆண் மரம் இருந்தா 25ல இருந்து 50 பெண் மரம் வரைக்கும் ஓட்டலாம். 2018ல யுனெஸ்கோ பட்டியல்ல அஹ்ஸாவ சேர்த்தப்போ அங்க 25 லட்சம் மரம் இருக்குன்னு போட்டாங்க, அத்தனை பாளைலயும் யாரோ ஒருத்தர் கை பட்டாகணும், அந்தக் கைல மகரந்தத்தோட சேர்ந்து வேற என்ன போகுதுங்கிறதுதான் இத்தனை வருஷமா என் தலைவலி.

போறது பூஞ்சை. பேரு மாகினியெல்லா ஸ்கேட்டே, வட ஆப்பிரிக்கா பக்கம் இந்த நோய கமெஜ்னு சொல்வாங்க, நம்ம பாஷைல பாளை அழுகல்னு வச்சுக்கலாம். குளிர்காலத்துல நல்ல மழை பேஞ்சு காத்துல ஈரம் இருந்துச்சுன்னா அந்த வருஷம் கண்டிப்பா எட்டிப் பாக்கும், கத்தீஃப் மாதிரி கடலோர ஏரியால இன்னும் அதிகம். இராக்ல 1948-49ல பெரிய அளவுல வந்து ஆட்டிப் படைச்சிருக்கு.

எங்க தோட்டத்துல ராமநாதபுரத்துக்கார அண்ணன் ஒருத்தர் இருக்கார், ஊர்ல பனை ஏறுனவர், இங்க வந்து இடுப்புல கயிறு மாட்டி பேரீச்சை ஏறுறார். பாளை இன்னும் வெடிக்கலை, மூடித்தான் இருக்கு, அவர் மேல இருந்தே சொல்வார், "தம்பி, இதோட மொகமே சரியில்ல, கீழ போடவா?"ன்னு. கீழ வந்ததும் பாத்தா உறையோட வெளிப்பக்கம், நுனிகிட்ட, துருப்பிடிச்ச மாதிரி பழுப்புல ஒரு திட்டு, அவ்வளவுதான். கத்தியால நெடுக கீறிப் பிரிச்சா உள்ள அதே இடத்துல உறை கருத்திருக்கும், அதுல ஒட்டிட்டு இருக்கிற பூவெல்லாம் மேல வெள்ளையா மாவு தூவுன மாதிரி படிஞ்சிருக்கும், கொஞ்சம் முத்துனதுன்னா சரமே மக்கிப் போய் கைல உதிரும். இதுல கொடுமை என்னன்னா பாதி பாளை தான் கெட்டிருக்கும், மீதிப் பாதி பளிச்சுன்னு நல்ல மகரந்தத்தோட இருக்கும், அதை வெட்டி எடுத்துக்கலாமேன்னு யாருக்கும் தோணும், விலை வேற அப்படி. நான் விடுறதில்ல, முழுசா எரிக்கத்தான் போடுவேன். ஏன்னா அந்த வெள்ளை மாவும் தூள்தான், மகரந்தமும் தூள்தான், உதறுனா ரெண்டும் சேர்ந்தேதான் விழும்.

எல்லா பூசணத்தையும் பாத்து பயப்பட வேணாம், இதையும் சொல்லணும். சரத்த நிழல்ல காய வைக்கிற ரூம்ல காத்தோட்டம் இல்லன்னா கறுப்பும் பச்சையுமா ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் எல்லாம் வரும், அது ரொட்டில வர்ற பூசணம் மாதிரி, நம்ம சோம்பேறித்தனத்துக்குக் கிடைக்கிறது, மகரந்தம் செத்துப் போகும், காய் பிடிக்காது, ஆனா மரத்துக்குள்ள போய் உக்காராது. மாகினியெல்லா அப்படியில்ல. மட்டையோட அடில, போன வருஷத்து காஞ்ச பாளைல ஒளிஞ்சு கிடந்து, அடுத்த வருஷம் புதுப் பாளை மட்டைக்கு நடுவுல இருந்து வெளிய வர்றதுக்கு முன்னாடியே அதத் தொத்திக்கும். அதனால இந்த வருஷம் மகரந்தம் குடுத்தவனுக்கு நல்ல பேரு, பிஞ்சு சூப்பரா பிடிச்சிருக்கும், அடுத்த பிப்ரவரில பாளை கறையோட வர்றப்போ யாரும் அவனை ஞாபகம் வச்சு கேக்கிறதில்ல.

லேப்ல நாங்க மகரந்தத்துக்கு முளைப்பு டெஸ்ட் பண்ணுவோம், சர்க்கரைக் கரைசல்ல கொஞ்சம் போரிக் ஆசிட் சேர்த்து அதுல தூவி ஒரு ராத்திரி வச்சா மறுநாள் மைக்ராஸ்கோப்ல முளைச்ச ஒவ்வொரு மகரந்தத் துகள்லயும் வால் மாதிரி குழாய் நீண்டிருக்கும். புதுசா வர்ற பசங்க இங்கதான் மாட்டுவாங்க, தூள்ல பூஞ்சை வித்து இருந்தா அதுவும் அதே சர்க்கரைல சுகமா முளைச்சு நூல் விட்டிருக்கும், "சார், முளைப்பு பிரமாதம்"னு எண்ணி எழுதிட்டு வந்து நிப்பாங்க. மகரந்தக் குழாய் கிளை விடாது, குறுக்குச் சுவர் மாதிரி ஒழுங்கா கோடும் இருக்காது, பூஞ்சை நூல் கிளை கிளையா பிரியும், குறுக்க கோடு கோடா தெரியும், மாகினியெல்லான்னா அந்தக் கோட்டுலயே துண்டு துண்டா உடைஞ்சு சங்கிலியா கிடக்கும். ஒரு தடவ உத்துப் பாத்துட்டா அப்புறம் மறக்காது. பாக்கெட்ல வாங்குற மகரந்தத்துல முளைப்பு சதவீதம் கொட்டை எழுத்துல இருக்கும், உள்ள பூஞ்சை உண்டா இல்லையான்னு ஒரு வரி நான் பாத்ததில்ல. சரி, மகரந்தத்துலயே பூஞ்சைக்கொல்லிய கலந்துடலாமேன்னா நிறைய மருந்து மகரந்தம் முளைக்கிறதையே கெடுத்துடும், ஆக சுத்தமா எடுக்கிறத விட்டா வேற வழி இல்ல.

2023ல சீனால ஆப்பிள், பேரிக்கா மரத்துக்கு ஃபயர் பிளைட் வந்துச்சுன்னு ஜப்பான் அங்கிருந்து மகரந்தம் இறக்குமதி பண்றதையே நிறுத்துச்சு, அது பாக்டீரியா, ஆனா கணக்கு ஒண்ணுதான். நாடு விட்டு நாடு போறதுக்குத் தடை போடுறாங்க, பக்கத்துத் தோட்டத்துல இருந்து பிக்கப்ல வர்ற ஆண் பாளைய யாரு நிறுத்துறது? சீசன்ல சந்தைல குவிச்சு வச்சு விப்பாங்க, எந்த மரம், எந்த ஊரு, ஒண்ணும் தெரியாது.

என்னைக் கேட்டா பிரச்சனை ஆண் மரத்துல ஆரம்பிக்குது, ஏன்னா அதை யாரும் மரமாவே மதிக்கிறதில்ல. வாய்க்கா ஓரமா, வேலி ஓரமா நிக்கும், போன வருஷத்து பாளை, அதுக்கு முந்தின வருஷத்து பாளை எல்லாம் காஞ்சு தொங்கிட்டே இருக்கும், காய்க்கிற காலாஸ் ரகப் பெண் மரத்துக்கு உரம், தண்ணி, மட்டை வெட்டு எல்லாம் டைமுக்கு நடக்கும், இதுக்கு ஒண்ணும் கிடையாது. ஆனா இதுல இருந்து எடுத்ததுதான் 50 மரத்துக்குப் போகுது. அறுவடை முடிஞ்சதும் பழைய பாளைய வெட்டி எரிச்சு, பாளை வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி காப்பர் மருந்து அடிக்கணும்னு லிஸ்ட் போட்டா அதுல முதல்ல ஆண் மரம்தான் வரணும். போன தடவை பட்ஜெட் கேட்டப்போ முதலாளி, வயசானவர், நல்ல மனுஷன், கணக்கப் பாத்துட்டு "காய்க்காத மரத்துக்கு எதுக்குப்பா மருந்து?"ன்னு கேட்டார். நான் விளக்கி முடிக்கிறதுக்குள்ள ராமநாதபுரத்து அண்ணன் குடோன்ல இருந்து ஒரு கறை பாளைய எடுத்துட்டு வந்து அவர் மேசைலயே வச்சு, தெரிஞ்ச அரபில "இது உங்க ஃபஹல், பாபா"ன்னாரு, ஃபஹல்னா அரபில ஆண் மரம். ஆண் மரத்துல பாதிக்கு மட்டும் அடிக்க காசு வந்திருக்கு, எந்தப் பாதின்னு இப்ப நாங்க ரெண்டு பேரும் மரம் மரமா சுத்திப் பெயிண்ட் அடிச்சுட்டு இருக்கோம்.