சோளகத்துக்கு விலை

சோளகம், அதுதான் தென்மேல் பருவக் காற்று, தொடங்கிவிட்டது. நேற்றுப் பூநகரிக்குப் போகும் சங்குப்பிட்டிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நேரே பிடிக்கவே கை நொந்தது. இந்தக் காற்றுக்குத்தான் 2024 மே மாதம் அன்றைய அரசு கொழும்பில் விலை வைத்தது.

மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை. போட்டி விலைமனு எதுவும் கோராமல் இந்தியாவின் அதானி குழுமத்துக்கு. ஒரு அலகு மின்சாரம் 8.26 அமெரிக்க சதம், 20 வருடத்துக்கு. பிறந்த பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போகும்வரை அந்த விலை! புதிய அரசு விலையைக் குறைக்கக் கேட்டது, 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகியது. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

காற்றாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022இல் டீசல் இல்லாமல் இருட்டில் கிடந்ததை மறக்க ஏலாது. மன்னாரில் தம்பபவனி காற்றாலையை மின்சார சபையே கட்டி 2020இல் நடத்தத் தொடங்கியது. அப்படியென்றால் மிச்சத்தை மட்டும் ஏன் ஒரு கோடீஸ்வரரின் கையில் தூக்கிக் கொடுக்க வேண்டும்?

அதேநேரம், அரசு செய்தாலும் சனத்தைக் கேட்க வேண்டும். 2025இல் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார்ச் சனம் வீதிக்கு வந்தது வெள்ளம் வடியாது, பறவைகள் வராது, கடற்தொழில் படுத்துவிடும் என்ற பயத்தில். அந்தப் பயத்துக்குப் பொலிஸை அனுப்புவது பதில் இல்லை.

பூநகரிக்கு அடுத்த திட்டம் வரும்போது ஒப்பந்தத்தைத் தமிழில் வெளியிடுங்கள். கையெழுத்துக்கு முன்னம் வெளியிடுங்கள்.