பதினோரு மணித் தண்ணீர்

ஜீப் காலை எட்டரைக்குப் புறப்படும் என்று லாக் புத்தகத்தில் இருக்கும். புறப்படுவது ஒன்பதரை. டீசலுக்கு ஸ்லிப் வாங்க வேண்டும், ஸ்லிப்பில் கையெழுத்துப் போடுகிறவர் வந்து சேர வேண்டும், காரைக்குடி தாண்டியதும் டிரைவர் அண்ணனுக்கு ஒரு டீ வேண்டும். முதல் ஊருணிப் படியில் நான் செருப்பைக் கழற்றும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும். இரண்டு வருஷம் இப்படித்தான் போனது. பதினான்கு நீர்நிலைகள், மாதம் ஒரு முறை, எல்லாமே பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள். அதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று அந்த இரண்டு வருஷமும் எனக்கு உறைக்கவே இல்லை.

திட்டத்தின் பெயர் நீளமானது. பருவநிலை மாற்றம், நிலப் பயன்பாடு, நீர்நிலைச் சூழல் மூன்றும் அதற்குள் வரும். டிரைவர் அண்ணன் அதைக் 'குளத்து வேலை' என்று சுருக்கிவிட்டார், நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். செட்டிநாட்டில் எந்நாளும் தண்ணீர் ஓடும் ஆறு கிடையாது. மணிமுத்தாறும் பாம்பாறும் மழைக்கு ஓடி மழையோடு நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைப் பிடித்துவைத்துத்தான் வருஷம் முழுக்க ஓட்ட வேண்டும். குடிக்க ஊருணி, பாசனத்துக்குக் கண்மாய், கோயிலுக்குத் தெப்பக்குளம். பெரிய வீடுகளே அந்தக் கணக்கில் கட்டியவைதான். ஓட்டுச் சரிவில் விழும் மழை வளவுக்குள், அதாவது நடு முற்றத்துக்குள், இறங்கும். அண்டாவும் குடமும் வைத்துப் பிடித்தது போக மிச்சம் தெருக்கால் என்கிற தெரு வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறிய பிறகு தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் பிடிக்க நிறையப் பேர் வருகிறார்கள். அந்தத் தெருக்கால் எங்கே போய் முடிகிறது என்று பார்க்கிறவர் குறைவு.

சரி, பதினோரு மணிக்கு வருகிறேன்.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன்தான் எங்கள் அட்டவணையில் முதல் வரிசை. 30 டிகிரி வெப்பத்தில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் வரை பிடித்துவைக்கும். தண்ணீர் சூடாகச் சூடாக அந்த அளவு இறங்கும். எங்கள் கண்மாய்களில் 9, 10 என்று வரும். பாசி வெயிலில் மூச்சு விட்டுத் தள்ளுகிற ஆக்ஸிஜன் அது, தண்ணீருக்குள் தேவைக்கு மேலேயே நிற்கும். முதல் வருஷ அறிக்கையில் 'ஆக்ஸிஜன் நிலை திருப்திகரம்' என்று எழுதியது நான்தான். அந்த வரியை யாரும் கேள்வி கேட்கவில்லை.

இரண்டாம் வருஷம் பங்குனியில், ஒரு கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை, மீன்பாசியை, ஏலம் எடுத்திருந்த ஒருவர் போன் செய்தார். அவர் கண்மாயில் தண்ணீர் தேங்கும் உள்வாய் முழுக்க வற்றி, மடைப் பள்ளத்தில் மட்டும் இடுப்பளவுத் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. கெண்டை வெள்ளை வெள்ளையாக மிதந்தது. போய்ச் சேர்ந்தபோது வழக்கம்போல் பதினொன்று. மீட்டரை விட்டேன், 8.4 காட்டியது. எதற்கும் இன்னொரு தடவை கழுவி விட்டேன். அதே 8.4. ஆக்ஸிஜன் குறையில்லை, பூச்சிமருந்தாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டு இரண்டு பாட்டிலில் மாதிரி எடுத்தேன். அவர் செத்த மீனைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார்.

"அப்ப எப்படிம்மா செத்துச்சு?" என்றார். "நீங்க வெயில் ஏறி வர்றீங்க. கோழி கூப்பிடுறப்ப வந்து பாருங்க. அம்புட்டு மீனும் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும். விரால் மட்டும் ஒண்ணும் ஆகாம சுத்தும்."

கடைசி வாக்கியம்தான் என்னைப் பிடித்தது. விரால் மேலே வந்து காற்றையே மூச்சிழுக்கும். மருந்தடித்த தண்ணீர் என்றால் விராலும் கெண்டையும் சேர்ந்து போயிருக்க வேண்டாமா? விரால் பிழைத்துக் கெண்டை செத்தால் முதலில் பார்க்க வேண்டியது மூச்சை. பாடத்தில் படித்தது இது. பகலில் ஆக்ஸிஜன் தருகிற அதே பாசி இரவெல்லாம் அதைத் தின்னும், அடிச்சேறும் தின்னும், விடியலுக்குச் சற்று முன்னால்தான் கணக்கு அடிமட்டத்துக்கு வரும். பரீட்சையில் இதற்கு வளைகோடு வரைந்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

அடுத்த வாரம் ஜீப்பை நம்பாமல், தெரிந்த ஒருவர் வீட்டில் ராத் தங்கி, நாலே முக்காலுக்கு அவருடைய மகளின் ஸ்கூட்டியில் போனேன். மீட்டரின் சவ்வு அன்றைக்கென்று கிழிந்திருந்தது. (புதுச் சவ்வுக்கு மூன்று கொட்டேஷன் வேண்டும். அந்தக் கதையை விடுங்கள்.) அதனால் 1888இல் விங்க்ளர் என்ற வேதியியலாளர் சொல்லிக்கொடுத்த பழைய முறையைத்தான் கையில் எடுத்தேன். காற்றுக்குமிழ் இல்லாமல் கண்ணாடி பாட்டிலை நிரப்பி, மாங்கனீஸ் கரைசல் கொஞ்சம், காரமும் அயோடைடும் கலந்தது கொஞ்சம், மூடி, தலைகீழாகக் குலுக்க வேண்டும். ஆக்ஸிஜன் இருந்தால் உள்ளே பழுப்பாக, டீத்தூள் ஊறின மாதிரி ஒரு மண்டி இறங்கும். எத்தனையோ நூறு பாட்டில் குலுக்கியிருக்கிறேன், பழுப்பைத் தவிர வேறு நிறம் கண்டதில்லை. அன்றைக்கு டார்ச் வெளிச்சத்தில் குலுக்கிவிட்டுப் பார்த்தால் உள்ளே வெள்ளை. நீர்மோர் மாதிரி. மருந்து மாறிவிட்டதோ என்று பயந்து இன்னொரு பாட்டில் போட்டேன். அதுவும் வெள்ளை, ஓரத்தில் மட்டும் ஒரு சந்தன மஞ்சள்.

வீட்டுத் திண்ணையில் வைத்து டைட்ரேஷன் செய்தேன். ஸ்டார்ச் விட்டு நீலமாக்கிய மாதிரியில், அந்த நீலம் போகும்வரை பியூரெட் என்கிற அளவுக் குழாயிலிருந்து மருந்தை இறக்குகிற வேலை அது. எங்கள் அளவில், பியூரெட்டிலிருந்து இறங்கும் ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்ஸிஜன். பதினோரு மணித் தண்ணீருக்கு எட்டு ஒன்பது மில்லி இறங்கும். அன்றைக்குக் குழாயைத் திறந்து, மூடுவதற்குள் நீலம் போய்விட்டது. 0.6.

இரண்டு வருஷமாக நான் அளந்தது கண்மாயை இல்லை, ஜீப் வந்து சேர்கிற நேரத்தைத்தான் என்று அந்தத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்புறம் பார்க்கிற இடத்திலெல்லாம் அதே வியாதி கண்ணில் பட்டது.

செயற்கைக்கோள் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லேண்ட்சாட் 1972 முதல் சுற்றுகிறது, 2008 முதல் அதன் பழைய படங்களெல்லாம் இலவசம். எங்கள் நில வரைபடம் முழுக்க அதன் தயவுதான். ஆனால் அதுவும் காலை பத்து மணி வாக்கில்தான் நம் தலைக்கு மேல் வரும். ஐப்பசி, கார்த்திகையில் பத்து மணிக்கு மேகத்தைத்தான் பார்க்கும். கண்மாய் பெருகுகிற அந்த நாட்களில் எங்களிடம் தெளிவான படம் அநேகமாக இருக்காது. தை பிறந்து வானம் வெளுத்த பிறகு வருகிற படத்தில் தண்ணீர் மேல் தாமரை மூடியிருக்கும், கணினி அதைப் பயிர் என்று எழுதிவிடும். சீமைக்கருவேலம் இன்னும் மோசம். வற்றிப்போன உள்வாயில் அது மண்டிக் கிடக்க, நான் அதை இறவைப் பாசன நிலம் என்று பச்சை அடித்து, கருத்தரங்கில் பெருமையாகக் காட்டியும் விட்டேன். ஆயக்கட்டு விவசாயி ஒருவர் எழுந்து, "அந்தப் பச்சையில எனக்கு ரெண்டு ஏக்கர் குத்தகைக்குக் கிடைக்குமா, கரிமூட்டம் போடணும்" என்று கேட்டார். கூட்டம் சிரித்து முடிய நேரமானது.

சேற்றில் காலத்தைப் படிக்கலாம் என்றும் ஒரு முயற்சி நடந்தது. ஏரிப் படுகையில் குழாயை இறக்கி, படிந்த மண்ணை அடுக்குக் கலையாமல் எடுத்தால் எந்த அடுக்கு எந்த வருஷம் என்று சொல்லலாம். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பரவிய சீசியம் 1963ஐ ஒட்டிய அடுக்கில் உச்சமாக இருக்கும், அது ஒரு மைல்கல். குளிர்நாட்டு ஏரிகளில் அழகாக வருகிற வேலை இது. சித்திரையில், வறண்ட ஒரு கண்மாயில் பிவிசி குழாயைச் சம்மட்டியால் அடித்து இறக்கினோம். நாற்பது சென்டிமீட்டர் ஆழத்தில், தாத்தா காலத்து மண் என்று நாங்கள் நினைத்த இடத்திலிருந்து, ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் வந்தது. பளபளப்புக்கூடப் போகவில்லை. கோடையில் களிமண் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கிறது, மேல் மண்ணும் குப்பையும் அதற்குள் விழுகிறது, மாடு மிதிக்கிறது, வண்டலை வயலுக்கு அள்ளுகிறார்கள். அள்ளத்தான் வேண்டும், அதற்காகத்தான் அது கண்மாய். வருஷா வருஷம் காய்கிற நீர்நிலை தன் நாட்குறிப்பைத் தானே கிழித்துப் போட்டுவிடும். அந்தப் பாக்கெட்டைக் கழுவி என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மழை குறைந்துவிட்டதா என்று கேட்காத ஊரில்லை. நேராகப் பதில் சொல்ல முடிந்ததில்லை. 2015 வடகிழக்குப் பருவத்தில் தமிழகத்துக்கு வழக்கத்தைவிடப் பாதிக்கு மேல் கூடுதலாகக் கொட்டியது. மறு வருஷமே 62 சதவீதம் குறைவு, 2017 ஜனவரியில் மாநிலம் முழுக்க வறட்சி அறிவித்தார்கள். இப்படி ஊஞ்சலாடுகிற கணக்கில் இருபது முப்பது வருஷத்தை வைத்துக்கொண்டு மெல்லிய சரிவைத் தேடுவது கஷ்டம். ஆனால் மழை கூடின வருஷத்திலும் நிரம்பாத கண்மாய்கள் இருக்கின்றன, அவற்றுக்கு வானத்தைக் குறை சொல்ல முடியாது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தால் காரணம் காலில் தட்டும். ஓரிடத்தில் தைலமரக் காடு, பெய்கிற மழை வெளியே போகாதபடி உள்ளேயே வரப்பு. ஓரிடத்தில் வரத்துக்காலின் குறுக்கே மனைப்பிரிவு, கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி. எங்கள் திட்டத் தலைப்பில் பருவநிலை முதலிலும் நிலப் பயன்பாடு இரண்டாவதாகவும் இருப்பது நிதி கேட்கிற மனுவுக்காக. என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்துக்கு அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்.

நேரத்தை மாற்றுவது சொல்கிற அளவுக்குச் சுலபமாக இல்லை. விடியலில் வண்டி அனுப்ப அலுவலகத்தில் விதி இல்லை. பெண் பிள்ளையை அந்நேரத்துக்கு யார் பொறுப்பில் அனுப்புவது என்றார்கள். அக்கறையும் அதில் உண்டு, தட்டிக்கழிப்பும் உண்டு, எது எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கப் போகவில்லை. கடைசியில் மாதத்துக்கு இரண்டு விடியல் என்று பேசி முடித்தோம், தங்கும் இடம் என் பாடு. ஊருணிக்கு எதிர் வீட்டு ஆச்சி இடம் கொடுத்தார். இருபது பேர் இருந்த வீட்டில் இப்போது அவரும் சமையலுக்கு வருகிற அக்காவும் மட்டும். முதல் வருஷத்திலிருந்தே என்னைப் படிக்கட்டில் பார்த்திருக்கிறார். "தினம் அளக்குறியே ஆத்தா, கூடுதா குறையுதா?" என்று கேட்பார்.

அவர் வீட்டில் குடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் ஊருணித் தண்ணீர்தான். போர் தண்ணீரில் பருப்பு மலராது என்பார். மீட்டரும் அதையேதான் சொல்லும், ஊருணியில் இருப்பது உப்பு ஏறாத மழைநீர். கலங்கலாக வந்தால் மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை நாலு சுற்று தேய்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்பார், செம்மண் அடியில் உட்கார்ந்துவிடும். நான் ஆய்வகத்தில் படிகாரத்தோடு பக்கத்தில் வைத்துச் செய்து பார்த்தேன், தெளிந்தது. ஆச்சியிடம் சொன்னபோது, "தெளியாதுன்னா நெனச்ச?" என்றார்.

போன ஐப்பசியில் ஒரு விடியல் முறைக்காகப் போய்ப் படுத்திருந்தேன். இரவு இரண்டு மணிக்கு ஓட்டில் முதலில் சடசடவென்று, அப்புறம் ஒரே இரைச்சலாக மழை பிடித்தது. எழுந்து வளவுக்கு வந்தால் நாலு பக்கச் சரிவிலிருந்தும் தண்ணீர் திரைபோட்ட மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. ஆச்சி முன்னாலேயே எழுந்து, அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு நின்றார். முதல் மழை ஓட்டைக் கழுவட்டும், பிறகு பிடிக்கலாம். நான் குடையும் டார்ச்சும் பாட்டில் பெட்டியுமாகத் தெருவுக்கு ஓடினேன். ஊருணி வாய்க்காலில் முதல் தண்ணீர் உள்ளே போகாதபடி மண் அடைத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து, வாய்க்கால் தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு அடைப்பை வெட்டிவிட்டார்கள். செம்மண் குழம்பாக, நுரையும் புளிய இலையுமாகத் தண்ணீர் படிகளில் குதித்து இறங்கியது. இந்தத் திட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஊருணி நிரம்புவதை நான் பார்த்ததில்லை, நிரம்பின ஊருணியைத்தான் பார்த்திருக்கிறேன்.

எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்துக் கலங்கலை அளக்கிற கறுப்பு வெள்ளைத் தகட்டை இறக்கினேன். பகல் வெளிச்சத்துக்கான கருவி அது, டார்ச்சை வைத்துக்கொண்டு அதை இறக்குவது முட்டாள்தனம் என்று தெரிந்தேதான் இறக்கினேன். விரல் நீளம் போவதற்குள் மறைந்துவிட்டது. பாட்டில்கள் நிரப்பினேன், நனைந்த நோட்டில் பென்சிலால் முதல் பத்தியில் 2.50 என்று எழுதினேன். அரை மணிக்கு ஒரு தடவை எடுப்பது என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். 3.20, 3.50. நாலு மணிக்கு மேல் மழை தணிந்து, ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. தண்ணீர் மூன்றாம் படியை மூடி நாலாவதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

எதிர் வாசலில் விளக்கு எரிந்தது.

"அளந்தது போதும் வாத்தா," என்றார் ஆச்சி, "காப்பி ஆறுது."

"இன்னும் ஒரு பாட்டில் ஆச்சி," என்றேன்.